வியாதிக்கார மருமகள்

"வியாதிக்காரியை நம்ம தலையில கட்டிட்டாங்கடா" என்று சைராகுல் காகிதத்தை மகன் குபாத்தின் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

நாரின் நகரத்து ஆய்வுக்கூடத்திலிருந்து வாடகைக் கார்க்காரர் கொண்டுவந்து கொடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு அது. மேலே மருமகள் துமாரின் பெயர். கீழே, முடக்குவாதத்துக்கான அறிகுறி ரத்தத்தில் மிக அதிகம், உடனே மருத்துவரைப் பார்க்கவும் என்று எழுதியிருந்தது.

போன வாரம் நாரினுக்குப் போனது சைராகுலின் விரல் வலிக்காகத்தான். காலையில் விரல்கள் மடங்கவே ஒரு மணி நேரம் ஆகிறது. பத்து நாளாகப் பெண்குதிரைகளைக் கறக்க முடியவில்லை. எல்லாம் குளிர்ந்த தண்ணீர் செய்யும் வேலை, கொழுப்பைக் காய்ச்சித் தடவினால் சரியாகிவிடும் என்றுதான் அவள் சாதித்தாள். துமார்தான் கெஞ்சிக் கூத்தாடி அழைத்துப் போனாள். அந்தக் கெஞ்சலின் காரணம் இப்போதல்லவா விளங்குகிறது!

"எனக்குப் பார்க்கிற சாக்குல கள்ளத்தனமா தனக்கும் பார்த்துக்கிட்டு வந்திருக்கா."

"உங்க முடிவு எங்கேம்மா?" என்றான் குபாத்.

"ஒண்ணுமில்லாத ரத்தத்துக்குக் காகிதம் எதுக்குடா? எங்க பரம்பரை ரத்தம் அப்படி."

அத்தோடு விட்டாளா? துமாரின் துணிமணிகளை எடுத்து வைக்கச் சொன்னாள். சம்பந்தியைப் போனில் கூப்பிட்டு, நோஞ்சான் பெண்ணை நல்ல குடும்பத்தில் தள்ளிவிட்டதற்கு வெட்கமாயில்லையா என்று வாய்க்கு வந்தபடி ஏசினாள். போனைப் பிடிக்க முடியாமல் விரல்கள் நடுங்கின. கோபத்தில் நடுங்குவதாக நினைத்துக்கொண்டாள்.

குபாத் கார்ச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான். அம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேச அவனுக்கு என்றைக்குத் துணிச்சல் இருந்தது? இனி துமாரை மாமனார் வீட்டில் கொண்டுபோய் விடவேண்டியதுதான் பாக்கி.

"வாயைத் திறந்து சொல்லுடி. எத்தனை நாளா மறைச்சே?"

"நான் ரத்தமே குடுக்கலை அத்தை" என்றாள் துமார் மெதுவாக. "நீங்க உள்ளே ரத்தம் குடுத்துட்டிருந்தப்ப, பதிவு பண்றதுக்கு வெளியே என்கிட்ட பேர் கேட்டாங்க. மாமியார் பேரை மருமக வாயால சொல்லவே கூடாதுன்னு கல்யாணத்தன்னைக்கே கண்டிச்சுச் சொன்னீங்களே. அதான் என் பேரைக் குடுத்தேன்."