எதுவும் தெரியாத படம்

"என்ன தெரியுது, சொல்லு" என்றாள் அம்மா.

மூத்தவள் பள்ளிப் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கியிருக்கவில்லை. சமையலறைச் சுவரில் சாய்த்து வைத்திருந்த படத்தைப் பார்த்தாள்.

பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது.

"ஒண்ணும் தெரியலம்மா."

சொல்லிவிட்டு, தாகமே இல்லாமல் தண்ணீர் குடிக்கப் போனாள்.

அம்மா வரைவது அரூப ஓவியம். வண்ணம் இருக்கலாம், கோடு இருக்கலாம், உருவம் மட்டும் தலைகாட்டக் கூடாது. ஒரு வாத்து தெரிந்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு யாரும் வாத்தைத் தவிர வேறெதையும் பார்க்கமாட்டார்கள் என்பாள். தன் கண்ணை அவள் நம்புவதில்லை. பார்த்துப் பார்த்து அது பழகிப்போயிருக்கும். அதனால் பிள்ளைகள் இருவரும்தான் பரிசோதகர்கள்.

கண்டுபிடிப்பவருக்கு அன்றைக்குத் தூரிகை கழுவும் வேலை கிடையாது. கண்டுபிடிக்கப்பட்ட உருவத்தின் மேல் அந்த நிமிடமே வேறு வண்ணம் ஏறிவிடும்.

இளையவனுக்கு வீட்டில் கழுகு என்று பெயர். கரண்டி, ஒட்டகம், ஒருமுறை தலைமையாசிரியரின் மூக்கு என்று அவன் பிடித்துக் கொடுத்தவை ஏராளம். மூக்கை அழிப்பதில் அம்மாவுக்கே வருத்தம். ஆனாலும் பூசினாள்.

இன்றைய படத்தின் இடது ஓரத்தில் பழுப்பு நிறம் சரிவாக இறங்கி வளைந்திருந்தது. அதன் நுனியில் சாம்பல் நிறத்தில் ஒரு திரட்சி.

வாசற்படியில் உட்கார்ந்து ஷூ நாடா கட்டும் அப்பா.

முதுகு அப்படியே. இடது தோள் சற்று இறங்கியிருப்பதுகூட அப்படியே. ஷூவிடம் ஏதோ ரகசியம் சொல்வதுபோல் குனிவார். பஸ் போய்விடும் என்று வீடே கத்தினாலும், ரகசியம் முடியாமல் எழுந்திருக்கமாட்டார்.

அப்பா இறந்த பிறகு அம்மா வரைந்த முதல் படம் இது. கை தன்போக்கில் இழுத்திருக்கும். அம்மாவுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்தால் பூசிவிடுவாள். மூக்குக்கே இரக்கம் காட்டாதவள்.

கழுகு மட்டும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

அவன் ஒரு காலில் சாக்ஸோடு வந்து நின்றான். தலையைச் சாய்த்துப் பார்த்தான். மூத்தவள் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று கண்ணை உருட்டினாள். அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"என்னடா, இவ்வளவு நேரம்?"

"இரும்மா. அவசரப்படுத்தாத."

அம்மாவின் கையில் அகலத் தூரிகை தயாராக இருந்தது.

"ஒண்ணும் இல்ல" என்றான். பிறகு, "நிஜமா ஒண்ணும் இல்லம்மா. அந்த பிரஷ்ஷக் குடு, நானே கழுவறேன்."

சொல்லாமலே தூரிகை கழுவுகிற தம்பியை மூத்தவள் இதுவரை பார்த்ததில்லை. அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அழைப்பு மணி அடித்தது. கண்காட்சிக்குப் படங்களை எடுத்துப்போக கேலரிக்காரர் வேனோடு வந்திருந்தார்.

மூத்தவளுக்குச் சட்டென்று உறைத்தது. உருவம் தெரிகிறது என்றால் பூச்சு. தெரியவில்லை என்றால் படம் தேறிவிட்டது. தேறிய படம் வீட்டில் தங்காது. முகம் தெரியாத யாரோ ஒருவரின் சோபாவுக்கு மேலே போய்த் தொங்கும். அக்காவும் தம்பியும் சேர்ந்து அப்பாவை வண்டியேற்றிவிட்டார்கள்.

கேலரிக்காரர் கூடத்திலிருந்த பழைய படங்களை ஒவ்வொன்றாக வேனுக்குக் கொண்டுபோனார். கடைசியாகச் சமையலறைக்கு வந்தார்.

"இதுதானே மேடம் புதுசு? பிரமாதமா வந்திருக்கே" என்று படத்தின் விளிம்பில் கை வைத்தார்.

தம்பி குழாயை மூடினான். மூத்தவள் வாயைத் திறந்தாள்.

"அத விட்டுடுங்க, சார். இன்னும் காயல" என்றாள் அம்மா.

"காஞ்ச மாதிரிதான் இருக்கு..."

"ஈரம். உங்க சட்டையெல்லாம் ஆயிடும்."

அவர் வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டார்.

வேன் தெருமுனை திரும்பும் சத்தம் கேட்கும்வரை மூவரும் அங்கேயே நின்றார்கள். பிறகு அம்மா படத்தை இரு கைகளாலும் தூக்கி, வண்ணம் பூசிய பக்கத்தை மார்போடு அணைத்தபடி படுக்கையறைக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்து திரும்பி வர வெகுநேரமாயிற்று.

வந்தபோது, வேற்று ஆள் வருகிறார் என்று மாற்றியிருந்த அவளது வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு வண்ணம்கூட இல்லை.