அக்காவின் ரேடியோ

"ஆரம்பிச்சுட்டாங்கப்பா!"

வாடிக்கைக்காரர்களை எதிர்பார்த்துச் சீவிச் சிங்காரித்துக்கொண்டிருந்த பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

பொழுது சாய்ந்தால் போதும், அந்த வீட்டை நடத்தும் அக்கா ரேடியோவை அலறவிடுவாள். குறைக்கச் சொன்னால், "என் வீடு, என் ரேடியோ. பிடிக்கலைன்னா வேற இடம் பார்த்துக்கோ" என்பாள். ஈவிரக்கமில்லாத வாய்.

அவர்களில் சுருட்டை என்பவளுக்கு மட்டும் அந்த இரைச்சல்தான் துணை. பலகைத் தடுப்புக்குப் பின்னால் போய் மாத்திரை டப்பாவைத் தைரியமாகத் திறப்பாள். தினமும் அதே நேரத்தில் போட வேண்டிய ஹெச்.ஐ.வி. மருந்து. டப்பா குலுங்குவது யார் காதிலாவது விழுந்து விஷயம் தெரிந்தால் பிழைப்பும் போகும், இருக்க இடமும் போகும். அந்தப் பயத்தில் முன்பெல்லாம் பாதி நாள் போடாமல் விட்டிருக்கிறாள்.

ஒருநாள் காலை ஆஸ்பத்திரியில் நர்ஸுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"ரத்தத்துல கிருமி நல்லா அடங்கியிருக்கு. போன தடவை எப்படிப் பயமுறுத்திட்டே! என்னம்மா பண்ணினே?"

"நான் எங்கே பண்ணினேன் சிஸ்டர்? எங்க வீட்டு ராட்சசி ஒரு ரேடியோ வாங்கினா. அவளுக்கே தெரியாம எனக்கு நல்லது பண்ணிட்டா."

"இனிமே ஒரு வேளைகூட விட்டுடாதே. விட்டா மறுபடியும் தலைதூக்கிடும்."

அன்று சாயங்காலம் ரேடியோ ஒருமுறை கரகரத்துவிட்டு அடங்கிப்போனது. அக்கா தட்டிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். ம்ஹூம்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண்கள் குசுகுசுப்பதுகூடத் தெளிவாகக் கேட்டது. சுருட்டை டப்பாவை எடுத்தாள். 'கலகல'வென்றது. பதறிப்போய் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

இன்றைக்கு ஒரு நாள் விட்டுவிடலாமா? நர்ஸின் முகம் நினைவுக்கு வந்தது. அழுகை முட்டியது.

திடீரென்று முன்னறையில் பாத்திரம் உருண்டது.

"எவடி குழாயை மூடாம வந்தது? உங்களோட மாரடிக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?"

அக்கா வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தாள். கரண்டியால் தட்டைப் போட்டு அடித்தாள். "இதுக்கு ரேடியோவே தேவலை" என்று முணுமுணுத்தபடி பெண்கள் வெளியே நழுவினார்கள்.

சுருட்டை அவசரமாக மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தாள்.

தடுப்பு லேசாகத் திறந்தது. மூச்சு வாங்க அக்கா எட்டிப் பார்த்தாள்.

"முழுங்கிட்டியாடி? எனக்குத் தொண்டை வலிக்குது" என்றாள், அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில்.