கட்டுக்குள் ஒரு முகம்

பட்டாசு ஆலை வெடித்ததில் அங்கே வேலை பார்த்த தோழிகள் பெனிட்டா, பானுப்பிரியா இருவரில் ஒருத்தி கருகி இறந்தாள். மற்றவள் முகமெல்லாம் கட்டோடு நினைவின்றிக் கிடந்தாள். அவள் யாரென்று மருத்துவர்களுக்கே தெரியவில்லை.

இரண்டு தாய்மார்களும் கட்டிலருகே காத்திருந்தார்கள்.

பெனிட்டாவின் அம்மா ஞானசெல்வம், வீட்டில் மகளோடு தினமும் வாசிக்கும் பைபிள் சங்கீதத்தை எடுத்து வாசித்தாள். பாதியிலேயே நிறுத்திவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

கட்டுக்குள்ளிருந்து ஒரு கம்மிய குரல் அடுத்த வசனத்தைச் சொன்னது.

"எம் பிள்ளதான்! எம் பெனிட்டாதான்!" என்று கதறினாள் ஞானசெல்வம்.

பானுப்பிரியாவின் அம்மா அய்யம்மாள் சுவரோடு சரிந்தாள். "அப்ப எம் மக போயிட்டாளா?"

அந்தக் குரல் மறுபடி முனகியது.

"நான் பானு, அத்தை... பெனிட்டா சாப்பாட்டு நேரத்துல தெனமும் எனக்கு இதத்தான் வாசிச்சுக் காட்டுவா."