கேப்பர் மலைச் சரிவில்

கேப்பர் மலையின் செம்மண் சரளைப் பாதையில் நடுப்பகல் வெயில் கொதிக்கிறது. பஸ்ஸோ மாட்டு வண்டியோ வராத பாதை. இருபுறமும் முந்திரி பூத்து மணக்கிறது. கடலோரக் குப்பத்து மீனவன் பக்கிரி, நர்ஸ் ராஜாமணியைச் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து மூச்சிரைக்க மிதித்து வருகிறான். குப்பத்தில் அவன் மனைவி பூவம்மாளுக்கு விடியற்காலையிலிருந்து பிரசவ வலி. சரிவு தொடங்குமிடத்தில் இரண்டு பேர் கனம் தாங்காமல் சக்கரம் வழுக்குகிறது. இருவரும் விழுந்து எழுகிறார்கள். ராஜாமணி முழங்கையில் ரத்தம்.

"ரெண்டு பேரா போனா ஆவாது பக்கிரி. சைக்கிளக் குடு."

"ஒங்களுக்கு ஓட்டத் தெரியுமாம்மா?"

"தெரியும். நீ பின்னால ஓடியா."

அவள் வெள்ளைப் புடவையை இழுத்துச் செருகி, மருந்துப் பையைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு ஏறிவிடுகிறாள். சற்று நேரம் மணிச்சத்தம் கேட்கிறது. பிறகு அதுவும் இல்லை. பக்கிரி வெறுங்காலோடு ஓடுகிறான். கல் குத்துவது உறைக்கவில்லை. அடுத்த வளைவில் விழுந்து கிடப்பாளோ என்று ஒவ்வொரு வளைவிலும் எட்டிப் பார்க்கிறான். சரளையில் சக்கரத் தடம் அங்கங்கே தடுமாறி, மறுபடி நேராகிப் போகிறது. கடைசித் திருப்பத்தில் மரங்கள் விலகிக் கடல் தெரிகிறது. வெகு கீழே, வெள்ளைப் புடவை ஒன்று குப்பத்துக் குடிசைகளுக்குள் நுழைந்து மறைகிறது. பக்கிரி வாய்விட்டு அழுதபடி இன்னும் வேகமாக ஓடுகிறான்.