மினுமினு அத்தை

"நட்சத்திரத்துக்குப் பேர் வெச்சா, கூப்பிட்டதும் திரும்பிப் பாக்குமாம்மா?" ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு மகள் ஒருநாள் கேட்டது இது. அவள் போய் இரண்டு மாதமாகிறது. அலுவலகத்தில் எல்லோரும் சேர்ந்து அம்மாவுக்கு, விரும்பிய பேர் வைத்துக்கொள்ள இணையத்தில் விற்கும் ஒரு நட்சத்திரத்தை வாங்கித் தந்திருக்கிறார்கள். திரையில் பேருக்கான கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. "பாப்பா பேரைப் போட்டு ஒரு தட்டுத் தட்டுங்கக்கா, சர்டிபிகேட் வந்துடும். அப்புறம் மாத்த முடியாதாம்," என்கிறாள் பக்கத்து மேசைக்காரி. "நட்சத்திரம் விக்கிறவன், மேல இருக்கிற ஆண்டவனுக்குப் பங்கு குடுக்கிறானோ என்னவோ!" என்று சிரிக்கப் பார்த்து, முடியாமல், டீ வாங்கப் போகிறாள். ஜன்னல் வெயில் அம்மாவின் கைமேல் விழுகிறது, சூடு தெரியவில்லை. கீபோர்டுக்குப் பக்கத்தில், மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளில் வெட்டிய சின்ன நட்சத்திரம் கிடக்கிறது. வார்டு பெருக்க வந்தவள் தினம் ஒன்று வெட்டி, குளுக்கோஸ் ஸ்டாண்டில் ஒட்டுவாள். மகள் அவளுக்கு வைத்த பேர் மினுமினு அத்தை. கடைசி நாளில் அந்த அத்தையிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் வந்துவிட்டோமே என்பது ஒன்றுதான், எதுவும் உறைக்காத மனத்தில் இன்னும் உறுத்துகிறது. மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆண்டவன் இருக்கிறான். அம்மா 'மினுமினு அத்தை' என்று அடித்து, பொத்தானை அழுத்துகிறாள். டீ வருவதற்குள் திரையை மூடிவிடுகிறாள்.