இரும்புத் தோல்

"பந்தயம்னா பந்தயம்தான். என் களிம்பு ஜெயிச்சுதுன்னா இனி டாக்டர் பேச்சையே எடுக்கக் கூடாது. சரியா பாப்பா?"

"சரி பெரியப்பா. தோத்துதுன்னா?"

"தோத்தா உன் பெரியம்மாவை நானே கையைப் பிடிச்சு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். தோத்தால்ல?"

பெரியப்பா ஆய்வக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். மடியில் இருந்த பையில் அவர் கைப்படக் காய்ச்சிய களிம்பு டப்பாக்கள். பரிசோதனை முடிந்ததும் ஆய்வக முத்திரையோடு ஒரு கடிதம் வாங்கி, அதை டப்பாவில் அச்சடிப்பது என்று முடிவே கட்டிவிட்டார்.

பெரியம்மா கைகளைச் சால்வைக்குள் ஒளித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். செதில் செதிலாக உரியும் கைகள். சொரியாசிஸ் என்று எப்போதோ ஒரு டாக்டர் சொன்னார். அதன் பிறகு டாக்டரும் இல்லை, மருந்தும் இல்லை. பத்து வருடமாகக் களிம்புதான். தடவினால் தீயாக எரியும். "எரியட்டும், நோய் வெளிய போகுது" என்பார் அவர்.

கொழுந்தனார் மகள் இந்த ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. அதிர்ந்து பேசத் தெரியாத பெண். ஆனால் எதிர்க் கட்டடத்துத் தோல் டாக்டரிடம் பதினொரு மணிக்கு நேரம் வாங்கி வைத்துவிட்டுத்தான் இவர்களை வரச் சொல்லியிருந்தாள்.

இதமான சூட்டில் இருந்த பெட்டியைத் திறந்து, ஒரு தட்டை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். இன்னும் மூடியைத் திறக்கவில்லை.

"உள்ள ஆறு சின்னக் கிண்ணம் இருக்கு. ஒவ்வொண்ணுலயும் சட்டைப் பொத்தான் அளவு தோல். நிஜ மனுஷத் தோல் பெரியப்பா. ஆபரேஷன்ல வெட்டி எறியிற தோல்லேர்ந்து செல் எடுத்து இங்கயே வளர்த்தது. மேல் வரிசை மூணும் நல்ல தோல். கீழ் வரிசை மூணும் அதே ஆளோட தோல்தான். ஆனா பெரியம்மாவுக்கு இருக்கிற மாதிரி அழற்சி வர வெச்சிருக்கேன்."

"அதுக்கு அரிக்குமா?" என்றாள் பெரியம்மா.

"நரம்பு கிடையாது பெரியம்மா. அரிக்காது."

"குடுத்து வெச்ச தோல்."

பெண் சிரித்தாள். "ரெண்டு வரிசையிலயும் முதல் கிண்ணத்துல வெறும் தண்ணி. ரெண்டாவதுல சாதாரண மெழுகு. மூணாவதுல உங்க களிம்பு. நேத்து தடவினேன். இன்னிக்குக் காலையில கழுவிட்டு ஒரு மஞ்சள் தண்ணியில ஊற வெச்சேன். தோல் உயிரோட இருந்தா ஊதாவா மாறும். செத்துப்போயிருந்தா மாறாது."

"ஊதாதான். திற."

திறந்தாள்.

மேல் வரிசை: ஊதா, ஊதா, வெள்ளை. கீழ் வரிசை: ஊதா, ஊதா, வெள்ளை.

பெரியப்பா குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். பிறகு சிரித்தார்.

"யாரும்மா இந்தத் தோலுக்குச் சொந்தக்காரன்? மழையில நனைஞ்சா ஒரு வாரம் படுத்துக்கிற நோஞ்சானா இருப்பான். இதுக்குச் சோப்புப் போட்டாலே கரைஞ்சிடும் போல. பரிசோதனைன்னா தோல்ல ஒரு தரம் வேண்டாமா?"

"நல்ல தோல்தான் பெரியப்பா."

"என்ன நல்ல தோல்? என்னைப் பாரு. பத்து வருஷமா தினம் குளிச்சதும் இதே களிம்பைத்தான் நானும் உடம்பெல்லாம் தடவுறேன். ஒரு எரிச்சல்? ஒரு கொப்புளம்? அஞ்சு மாசம் முன்னாடி முதுகுல கட்டி எடுத்தாங்களே, பத்தே நாள்ல தழும்புகூடத் தெரியல. இரும்புத் தோல். எனக்கு ஒத்துக்கிறது உன் பெரியம்மாவுக்கு ஒத்துக்கலைன்னா, கோளாறு களிம்புலயா இருக்கு?"

பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். தினமும் கேட்கிற பேச்சுதான். காலையில் அவர் குளித்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். களிம்பு வாசம் வீடு முழுக்க வரும். சற்று நேரத்தில் பளபளவென்று வெளியே வருவார். அதே களிம்பு, அவருக்கு மினுமினுப்பு, தனக்கு ரணம். அப்படியென்றால் தப்பு யாரிடம்?

"அவர் சொல்றது சரிதான் பாப்பா," என்று எழுந்தாள். "என் தோல்தான் வக்கில்லாத தோல். டாக்டர் வந்து என்ன செய்யப் போறார்? நாங்க கிளம்பறோம்."

"ஒரு நிமிஷம் உட்காருங்க பெரியம்மா." பெண் அவர் பக்கம் திரும்பினாள். "பெரியப்பா, தோல் குடுத்தவங்க பேரை நாங்க யாருக்கும் சொல்லக் கூடாது. கிண்ணத்துல எண் மட்டும்தான் போடுவோம்."

"அதெல்லாம் முடியாது. அந்த நோஞ்சான் யாருன்னு தெரியாம நான் தோத்ததா ஒத்துக்க மாட்டேன்."

"குடுத்தவரே கேட்டா மட்டும்தான் சொல்லலாம்."

"அவனையே வந்து கேக்கச் சொல்லு."

"கேட்டுட்டாரு பெரியப்பா."

இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து மேசையில் வைத்தாள். "முதுகுக் கட்டியோட வந்த தோலை எங்க ஆய்வகத்துக்குக் கேட்டப்ப, 'வேண்டாத சதைதானே, தாராளமா எடுத்துக்கோ'ன்னு நீங்கதான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க."

அவர் களிம்புப் பையை மடியோடு இழுத்துக்கொண்டார்.

பெரியம்மா கையெழுத்தைப் பார்த்தாள். ஒரே நாளில் செத்து வெளுத்துப்போயிருந்த அந்த நல்ல தோலைப் பார்த்தாள். பிறகு, பத்து வருடமாக ஒரு கொப்புளம்கூட வராத அவருடைய கைகளைப் பார்த்தாள்.

"என்னங்க," என்றாள் நிதானமாக, சால்வைக்குள்ளிருந்து தன் கைகளை வெளியே எடுத்துக்கொண்டே. "தினம் கதவைச் சாத்திக்கிட்டு டப்பாவைத் திறந்து மட்டும்தான் வெச்சீங்களா?"