இன்னிக்கு என்ன திதி?

விடிந்தும் விடியாமல் கதவு தட்டுகிற சத்தம். குமுதினிக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. வேறு யார், எதிர்வீட்டுக் கிழவர் நானாதான்.

"கண்ணாடி உடைஞ்சு போச்சும்மா. இன்னிக்கு என்ன திதின்னு பார்த்துச் சொல்லேன்."

எட்டு மாசமாக அந்தக் கண்ணாடி உடைந்தேதான் கிடக்கிறது. திதியைச் சொன்னால் மட்டும் விடுவாரா? கிழமை, நட்சத்திரம், யோகம், கரணம் என்று ஐந்தையும் கேட்டு, தலையை ஆட்டிவிட்டுத்தான் படி இறங்குவார். கிழமைகூடவா தெரியாது ஒரு மனுஷனுக்கு!

புருஷனுக்கு மாற்றலாகித்தான் அவள் இந்தக் கராட் ஊருக்கே வந்தாள். வந்த மூன்றாம் மாசம் அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். பிள்ளை குட்டி கிடையாது. ஊரில் ஒருத்தரையும் தெரியாது. காரியம் முடிந்த மறுநாளே ஆரம்பித்தது இந்தத் தொல்லை. போர்த்திக்கொண்டு படுத்துக் கிடக்கலாம் என்றால் இந்த ஆள் விட்டால்தானே!

அன்றைக்குப் பஞ்சாங்கத்தைப் பிரிக்கக்கூட அலுப்பு. நேற்று நவமி, அப்படியானால் இன்று என்ன?

"தசமி" என்றாள்.

நானா தயங்கினார். "புத்தகத்தைப் பாரும்மா. இன்னிக்கு ஏகாதசி. சோறு கீறு சாப்பிட்டுடப் போறே."

பார்த்தாள். சரிதான். நேற்று விடிந்தபிறகு பிறந்த தசமி, இன்று விடியுமுன்னே முடிந்து போயிருந்தது.

குமுதினிக்குச் சுருக்கென்றது. "ஆக, எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதான் தினம் வந்து நிக்கிறீங்க. தனியா இருக்கிறவ வாசல்ல உங்களுக்கு என்ன வேலை? பார்க்கிறவங்க என்ன பேசுவாங்க? இனிமே வராதீங்க."

நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

மறுநாள் யாரும் தட்டவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அப்புறம் ஒருநாள் அவள் கண் விழித்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசி எத்தனை நாள் ஆயிற்று என்றே தெரியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பஞ்சாங்கத்தை எடுத்தாள். இன்று என்ன கிழமை என்றே புரியாதபோது எந்தப் பக்கத்தில் தேடுவது? சும்மா புரட்டிக்கொண்டே போனவள், அதுவரை திருப்பியே பார்க்காத கடைசிப் பக்கத்துக்கு வந்து நின்றாள்.

அங்கே ஒரு சின்னப் படம். அதே தொப்பி, அதே முகம். கீழே, 'கணித்தவர்: மோரேஷ்வர் தாமணே, கராட். நாற்பத்திரண்டாம் ஆண்டு' என்று அச்சடித்திருந்தது.

குமுதினி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டாள். தலை வாரினாள். தெருவைத் தாண்டிப் போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

திறந்தவரின் மூக்கில் கண்ணாடி பத்திரமாக இருந்தது.

"என் கண்ணாடி உடைஞ்சு போச்சு நானா" என்றாள். "இன்னிக்கு என்ன திதி?"